அப்பன் பிறந்த சீட்டு எங்கே?

இலங்கையின் மலைநாட்டில் எங்கே பார்த்தாலும் தேயிலைதான். அட்டன், நுவரெலியா, பதுளை, மாத்தளை, கண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் மலைச்சரிவெல்லாம் பச்சைப் பாய் விரித்ததுபோல் இருக்கும். முதுகில் கூடை. கூடையின் கயிறு தலையில். இரண்டு கையாலும் கொழுந்து பறித்துப் பின்பக்கமாகக் கூடையில் எறிவார்கள் பெண்கள்.

அந்தப் பெண்கள் பேசுவது தமிழ். கும்பிடுவது மாரியம்மனை. அவர்களுடைய பாட்டனும் பூட்டனும் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்தில் இருந்து போனவர்கள்.

1948-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி, திங்கட்கிழமை. அன்றும் வழக்கம்போல் விடியும் முன்பே தோட்டங்களில் தப்பு அடித்தார்கள். ஜனங்கள் எழுந்து "பெரட்டு"க்குப் போனார்கள். (ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதற்குத்தான் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர்.) பிறகு மலை ஏறினார்கள். கொழுந்து பறித்தார்கள். மாலையில் எடை போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

காலைக்கும் மாலைக்கும் நடுவே எதுவும் மாறினதாக அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றுமுதல் அவர்களுக்கு நாடு இல்லை!

இலங்கை சர்க்காரின் புதிய பிரஜா உரிமைச் சட்டம் அன்றுதான் அமுலுக்கு வந்தது. பிரஜா உரிமை என்றால் குடியுரிமை. "நான் இந்த நாட்டுக்காரன்" என்று சொல்லும் உரிமை. ஒரே சட்டத்தில் அந்த உரிமை இல்லாமல் போனவர்கள் சுமார் 7 லட்சம் பேர்.

நடந்து போனவர்கள்

இவர்கள் ஏன் அங்கே போனார்கள்?

இலங்கையை அப்போது வெள்ளைக்காரர்கள் ஆண்டார்கள். கண்டிச் சீமையின் மலைகளில் காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும். அந்த நாட்டு விவசாயிகள் தங்கள் வயலை விட்டுவிட்டுக் கூலிக்கு வர இஷ்டப்படவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பஞ்சம். நிலம் இல்லாத ஏழைகள், தீண்டாமைக் கொடுமையில் சிக்கியவர்கள் ஏராளம். 1820-களிலேயே ஆள் சேர்த்துக் கொண்டுபோவது தொடங்கிவிட்டது.

கிராமத்துக்குக் கங்காணி வருவார். தலையில் முண்டாசு, கோட்டு, கையில் பிரம்பு. "தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்" என்று ஆசை காட்டினார்களாம். இந்தப் பேச்சு இன்றும் மலைநாட்டில் வழங்குகிறது. வழிச்செலவுக்கு முன்பணமும் கொடுப்பார். அந்தப் பணம்தான் பிறகு கடன். கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது.

அன்று ரெயில் இல்லை. தொண்டி, ராமேசுவரம் பக்கத்தில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நடை. நடுவிலே காடு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காட்டுவழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியாகக் கணக்கு எழுதி வைத்தவர் கிடையாது.

1869-ல் காப்பிச் செடிகளில் இலைநோய் விழுந்தது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. துரைமார்கள் தேயிலைக்கு மாறினார்கள். 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துர என்ற தோட்டத்தில் தேயிலை பயிரிட்டுக் காட்டியிருந்தார்.

இந்த மாற்றம் சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் ஜனங்களின் தலையெழுத்தையே மாற்றியது அதுதான். காப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அது முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படி இல்லை. வருஷம் முழுவதும் கொழுந்து வரும். வருஷம் முழுவதும் பறிக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக அங்கேயே தங்கினார்கள். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிரசவம், அங்கேயே சுடுகாடு.

குடியிருக்க "லயம்" கொடுத்தார்கள். நீளமான ஒரே கூரை. அதன் கீழே வரிசையாக அறைகள். ஓர் அறை 10 அடிக்கு 12 அடி. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை.

தகரத் துண்டும் காகிதத் துண்டும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் ஏறியவர்களுக்கு ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதை அந்தத் தகரத்தின் நம்பரைப் பார்த்துத் தெரிந்து கொள்வார்கள். சாமானுக்குச் சீட்டு ஒட்டுவது போலத்தான்!

தோட்டத்தில் இன்னொரு "துண்டு" இருந்தது. இது காகிதம். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை இந்தத் துண்டைக் கொடுக்க வேண்டும். ஆள் எவ்வளவு கடன் பட்டிருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற புதிய துரை, ஆளை எடுத்துக் கொள்ளலாம். இந்த முறையை 1921-ல் ஒழித்தார்கள்.

இப்படித் துண்டுகளாலேயே ஆட்டிவைக்கப்பட்ட ஜனங்களைப் பிறகு இன்னொரு துண்டுக் காகிதம் நாடில்லாதவர்கள் ஆக்கியது.

7 மெம்பர்கள்

1931-ல் இலங்கையில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு அதிலேயே சில நிபந்தனைகளைப் போட்டார்கள். என்றாலும் லட்சக்கணக்கான பேருக்கு ஓட்டுக் கிடைத்தது.

1939-ல் நேரு இலங்கைக்குப் போனார். அங்கே பல கட்சிகளாகப் பிரிந்து கிடந்த இந்தியர்களை ஒன்று சேரச் சொன்னார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. தோட்டத்துத் தொழிலாளிகள் இதன் சங்கத்தில் பெருவாரியாகச் சேர்ந்தார்கள்.

1947-ல் பொதுத்தேர்தல். மலைநாட்டுத் தொகுதிகளில் இந்தக் கட்சி 7 இடங்களைப் பிடித்தது! நுவரெலியாவில் ஜெயித்தவர் சௌமியமூர்த்தி தொண்டமான். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டுகள் இடதுசாரிக் கட்சிகளுக்குப் போயின.

கூடை சுமந்த ஜனங்களின் ஓட்டால் 7 பேர் பார்லிமெண்டுக்குள் போனார்கள். இது பலருக்குப் பிடிக்கவில்லை. "தோட்டத்தில் இருந்து இன்னும் எத்தனை பேர் வருவார்கள்?" என்று பயந்தார்கள். மலைநாட்டுச் சிங்களவர்களுக்கும் தங்கள் நிலம் தோட்டங்களுக்குப் போய்விட்டதே என்ற பழைய மனக்குறை இருந்தது. நிலத்தை எடுத்தது வெள்ளைக்காரக் கம்பெனி. கோபம் விழுந்ததோ கூலிக்காரன் தலையில்.

1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் அடைந்தது. டி.எஸ்.சேனநாயகா பிரதம மந்திரி. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரஜா உரிமைச் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர்களின் தலைவர்களில் ஒருவரான செல்வநாயகமும் எதிர்த்தார். "இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு" என்பது அவருடைய பயம். எதிர்ப்பு எடுபடவில்லை.

சட்டம் கேட்ட கேள்வி

அந்தச் சட்டத்தில் "தமிழன்" என்ற வார்த்தையே இல்லை. மேலோட்டமாகப் படித்தால் எல்லோருக்கும் பொதுவான சட்டம் போலவே இருக்கும். அதுதான் அதில் உள்ள சூது.

இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது சட்டம். தகப்பனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், அந்தத் தாத்தாவைப் பெற்ற பூட்டனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்.

"என் அப்பா இங்கேதான் பிறந்தார்" என்று வாயால் சொன்னால் ஏற்க மாட்டார்கள். சீட்டு வேண்டும். பிறப்புச் சர்டிபிகேட்டு!

ஒரு தொழிலாளிக்கு 1948-ல் 40 வயது என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1908-ல். அவருடைய தகப்பனார் 1880-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். இலங்கையில் பிறப்பைக் கட்டாயமாகப் பதிகிற வழக்கமே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. 1880-ல் லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைக்குச் சீட்டு எழுதியவர் யார்?

உண்மையைச் சொன்னால், சிங்களக் கிராமத்து விவசாயிகளில் எத்தனையோ பேரிடமும் அந்தச் சீட்டுக் கிடையாது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. "பரம்பரைப் பாத்தியதை இல்லாவிட்டால் பரவாயில்லை. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்து குடியிருப்பவர்கள் மனுப் போடலாம்" என்றது இந்தச் சட்டம். ஒரு வாசலை அடைத்தவர்கள் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள்.

அந்த ஜன்னலுக்கும் கம்பிகள் இருந்தன. கல்யாணம் ஆனவர் என்றால் 7 ஆண்டு, ஆகாதவர் என்றால் 10 ஆண்டு விடாமல் இலங்கையில் குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் கணக்கு அறுந்து போகும். நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். ஊரில் இருக்கிற தாயாருக்குப் பணம் அனுப்பினால், "உனக்கு மனம் இந்தியாவில் இருக்கிறது" என்றார்கள்!

முதலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு, மனுப் போடாவிட்டால் உள்ளதும் போய்விடும் என்று கண்டு மனம் மாறியது. கெடு 1951 ஆகஸ்டு 5-ந் தேதி. கடைசி மாதங்களில் மனுக்கள் குவிந்தன. 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் அளவுக்கு மனுவில் பெயர் கொடுத்திருந்தார்கள்.

அத்தனை மனுக்களையும் பார்த்து முடிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரஜா உரிமை கிடைத்தது எத்தனை பேருக்குத் தெரியுமா? சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு!

இதற்கிடையே 1949-லேயே தேர்தல் சட்டத்தையும் திருத்திவிட்டார்கள். பிரஜைகளுக்கு மட்டும்தான் ஓட்டு. 1952-ல் தேர்தல் வந்தபோது தோட்டத்து ஜனங்களின் பெயர்கள் பட்டியலில் இல்லை. பிரதம மந்திரியின் ஆபீசுக்கு முன்னால் நூறு நாட்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். பலன் இல்லை. 7 மெம்பர்கள் இருந்த இடத்தில் ஒருவர்கூட இல்லை.

ஒரு தேதியை இங்கே குறிப்பிட வேண்டும். பிரஜா உரிமைச் சட்டம் அமுலுக்கு வந்து 25 நாள்தான் ஆகியிருந்தது. 1948 டிசம்பர் 10-ந் தேதி பாரீஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 15-வது பிரிவு, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்க உரிமை உண்டு என்கிறது. இலங்கை அப்போது அந்தச் சபையில் அங்கத்தினர் இல்லை. 1955-ல்தான் சேர்ந்தது.

நாடில்லாவிட்டால் என்ன?

"நாடு இல்லாவிட்டால் என்ன? வேலை இருந்தது, கூலி இருந்தது, கூரை இருந்தது அல்லவா?" என்று கேட்கலாம்.

வேலை இருந்தது. தோட்டத்து வேலை மட்டும்தான். சர்க்கார் உத்தியோகத்துக்குப் பிரஜையாக இருக்க வேண்டும். சர்க்கார் ஏழைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தால் அதிலே பங்கு இல்லை. வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டு இல்லை. ஓட்டு இல்லாததால் எந்தக் கட்சிக்காரரும் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, ரோடு இல்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

லயத்து அறையும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அறையும் போகும்.

தெருவிலும் சந்தையிலும் "கள்ளத்தோணி" என்று ஏசினார்கள். பாட்டனார் சர்க்கார் அறியக் கப்பல் ஏறி வந்தவர். அந்த நாட்டின் ஏற்றுமதியில் முதல் இடம் தேயிலைக்கு. அதைப் பறித்துக் கொடுத்த பெண்ணுக்குப் பெயர் கள்ளத்தோணி!

இந்தியா என்ன சொன்னது? "தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள் இலங்கையின் ஜனங்கள். அவர்களை நாங்கள் எப்படி ஏற்க முடியும்?" என்பது நேருவின் நிலை. நியாயமான வாதம்தான். ஆனால் இலங்கை "எங்கள் ஜனங்கள் இல்லை" என்றது. இந்தியாவும் "எங்கள் ஜனங்கள் இல்லை" என்றது. நடுவிலே இருந்தவர்கள் தேயிலை பறித்துக்கொண்டே இருந்தார்கள்.

டெல்லியில் போட்ட கணக்கு

1964 மே மாதம் நேரு காலமானார். லால்பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரி ஆனார். அக்டோபர் மாதம் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகா டெல்லிக்கு வந்தார். 30-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

நாடில்லாமல் இருந்தவர்கள் மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு வைத்தார்கள். அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும். மீதி 1½ லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக் கொள்ளலாம்.

1974-ல் அந்த மீதியையும் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பங்கு போட்டார்கள். ஆளுக்குப் பாதி. 75 ஆயிரம், 75 ஆயிரம்!

தென்னந்தோப்பைப் பங்கு போடுகிற அண்ணன் தம்பிகூட மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். இங்கே யாருக்காகக் கணக்குப் போட்டார்களோ அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனங்களின் விருப்பம் என்ன என்பது மனு வாங்கியபோது தெரிந்தது. இரண்டு ஒப்பந்தத்தையும் சேர்த்தால் இந்தியாவின் பங்கு 6 லட்சம். ஆனால் இந்தியாவுக்கு வர மனுப் போட்டவர்கள் 5 லட்சத்து 6 ஆயிரம் பேர்தான். இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்களோ அந்த நாடு ஏற்கச் சம்மதித்ததைவிட மிக அதிகம். பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஒப்பாரிக் கோச்சி

இலங்கையில் ரெயிலைக் "கோச்சி" என்பார்கள். மலைநாட்டில் இருந்து தலைமன்னாருக்கு ஜனங்களை ஏற்றிப்போன ரெயிலுக்கு அவர்கள் வைத்த பெயர், "ஒப்பாரிக் கோச்சி".

ஒரு வீட்டில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டு வரும். தம்பிக்கு இலங்கைப் பிரஜா உரிமை வரும். மகள் இந்தியாவுக்கு, அவளைப் பெற்றவர்கள் இலங்கையில். ஸ்டேஷனில் ஒரே அழுகை. ஊரில் சாவு விழுந்தால் எப்படி அழுவார்களோ அப்படி அழுதார்கள். போகிறவர்களைத் திரும்பப் பார்ப்போம் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை.

தலைமன்னாரில் கப்பல். ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம். ஒப்பந்தம் போட்ட இரண்டாவது மாதமே, 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. பாட்டன்மார்கள் கப்பல் ஏறிப்போன துறைமுகம், பேரன்மார்கள் திரும்பி வந்தபோது மணல்மேடாகக் கிடந்தது.

அங்கே பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, 1984 வரை சுமார் 4½ லட்சம் பேர் இப்படி வந்தார்கள்.

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் இவர்களுக்காகவே தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. 1968-ல் தொடங்கிய அந்த வேலைதான் பிறகு "டான்டீ" என்ற அரசாங்கக் கம்பெனி ஆனது. கேரளாவிலும் கர்நாடகத்திலும் ரப்பர்த் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் மிகப் பலருக்குக் கொடுத்தது சிறுவியாபாரக் கடன். பிறந்தது முதல் கொழுந்து பறித்தவர், முன்பின் தெரியாத ஊரில் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்க வேண்டும்! கடன் பணம் கரைந்தது. கடை மூடியது. பலர் கூலி தேடி மலைப்பக்கமே போனார்கள்.

இலங்கையில் அவர்களை "இந்தியாக்காரன்" என்றார்கள். இங்கே வந்ததும் "சிலோன்காரன்" என்றார்கள்.

பத்தே நாளில்

1982-ல் இந்தியா, ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. 1983-ல் இலங்கையில் பெரிய இனக்கலவரம். அடுத்த ஆண்டு கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட்டு. கால் இலங்கை மண்ணில்.

இதற்குள் காற்று கொஞ்சம் மாறியிருந்தது. இலங்கை ஏற்ற ஜனங்களுக்கு ஓட்டு வந்திருந்தது. 1977-ல் தொண்டமான் தேர்தலில் ஜெயித்துத் திரும்பப் பார்லிமெண்டுக்குப் போனார். 1978-ல் மந்திரி ஆனார். ஓட்டு வந்ததும் கட்சிகளும் லயத்துப் பக்கம் வந்தன!

1986-ல் ஒரு சட்டம். இந்தியாவின் பங்கில் குறைந்த 94 ஆயிரம் பேரை இலங்கையே ஏற்றது. 1988-ல் இன்னொரு சட்டம். கடைசியாக 2003 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30-ந் தேதி முதல் இலங்கையில் குடியிருக்கிற இந்திய வம்சாவளியினரும், அவர்களுடைய பிள்ளைகளும் இலங்கைப் பிரஜைகள். ஒரு கட்சிகூட எதிர்க்கவில்லை.

ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனமும் தொழிற்சங்கமும் ஆட்களைத் தோட்டம் தோட்டமாக அனுப்பின. பூட்டனார் எங்கே பிறந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பாரத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டால் போதும். சுமார் பத்து நாட்களில் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகள் ஆனார்கள்!

55 ஆண்டுகளாக முடியாத காரியம், மனம் வைத்ததும் பத்து நாளில் முடிந்தது.

லயங்கள் போய்விடவில்லை. சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்று இன்றும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். 2023-ல், முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தார்கள். "மலையகத் தமிழர்" என்பதுதான் இப்போது அவர்கள் தங்களுக்குச் சொல்லிக் கொள்கிற பெயர்.

கடலுக்கு இந்தப் பக்கம்

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு மிச்சம் இருக்கிறது. அது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

கலவரத்துக்கும் யுத்தத்துக்கும் பயந்து 1983 முதல் தோணி ஏறி வந்த அகதிகளில் மலையகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, அங்கிருந்தும் ஓடி வந்தவர்கள். அவர்களில் பலருக்கு இலங்கையிலும் பிரஜா உரிமை கிடைத்திருக்கவில்லை. இங்கே முகாம்களில் தங்கினார்கள். அரசு உதவித்தொகை கொடுக்கிறது. ரேஷன் கொடுக்கிறது. 2021-ல் முகாமுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயரும் மாற்றினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், காலேஜும் படிக்கிறார்கள். ஆனால் படித்து முடித்த பிறகு சர்க்கார் உத்தியோகம் இல்லை. பாஸ்போர்ட்டு இல்லை. ஓட்டு இல்லை.

இவர்களுடைய பாட்டன் போனது திருச்சியில் இருந்து. பேரன் இருப்பதும் திருச்சிப் பக்கத்து முகாமில். ஆனாலும் அவன் அந்நியன்.

இலங்கை தன் கதவைத் திறந்தது 2003-ல். இந்தியா தன் பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தியதும் 2003-ஆம் ஆண்டின் சட்டத்தால்தான். அந்தத் திருத்தத்தின்படி, தகுந்த பத்திரம் இல்லாமல் வந்தவர்கள் "சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள்". அவர்கள் பிரஜா உரிமைக்கு மனுப் போட முடியாது. குண்டுக்குப் பயந்து தோணி ஏறுகிறவர் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்? 2019-ல் வந்த திருத்தத்திலும் இலங்கை சேரவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு சலுகை அறிவித்தது. 2015 ஜனவரி 9-ந் தேதிக்கு முன்பு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பத்திரம் இல்லை என்பதற்காக நடவடிக்கை எடுக்கமாட்டார்கள். பிரஜா உரிமை பற்றி அதில் பேச்சு இல்லை.

சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். "நாங்கள் இந்திய வம்சாவளி. சாஸ்திரி ஒப்பந்தப்படியே இந்தியா எங்களை ஏற்றிருக்க வேண்டும்" என்றார்கள். அவர்களுடைய மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை சொன்னது. ஆக, இலங்கையில் அன்று "அப்பன் இங்கே பிறந்த சீட்டைக் காட்டு" என்றார்கள். இங்கே "தாத்தா இந்த ஊரில் இருந்து போனதற்குச் சீட்டைக் காட்டு" என்று தேட வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. 1950 ஜனவரி 26-ந் தேதி முதல் 1987 ஜூன் 30-ந் தேதி வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியப் பிரஜை. இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு, முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் ஐகோர்ட்டுக்குப் போனார். 2022-ல் ஜெயித்தார். பாஸ்போர்ட்டு வாங்கினார். பிறகு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்.

2024 ஏப்ரல் 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் பார்லிமெண்டுத் தேர்தல். அவர் ஓட்டுச் சாவடிக்குப் போனார். விரலில் மை வைத்தார்கள். முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்.

பெற்றோர் இருவரும் அகதிகளாக இருந்து, 1987 ஜூலை 1-ந் தேதியும் அதற்குப் பிறகும் அதே முகாம்களில் பிறந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை.